நம்ம கடலை நமக்கே ஏழு நாளுக்கு விற்கிறார்கள்



பதிவு கொஞ்சம் நீளம். "ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேற வேலை இல்லை" என்று சிரித்துவிட்டுத் தள்ளிவிடாமல் கடைசி வரை படியுங்கள். முக்கியமாக சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் படிக்க வேண்டும். ஏனென்றால் இந்த வியாபாரத்தில் சரக்கு நம்ம ஊர். வாடிக்கையாளர் நீங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். குரலில் ஒரே சந்தோஷம். "மாமா, நம்ம ஊர்லயே ரிசார்ட் வருது. டைம்ஷேர். கடலைப் பார்த்த ரூம். வருஷத்துக்கு ஏழு நாள், இருபத்தஞ்சு வருஷத்துக்கு நமக்குத்தான். நாலு லட்சம். மாசத் தவணையிலயே கட்டிடலாம். நீங்களும் அத்தையும் வந்து தங்கலாம்" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த ரூம் வரப்போவது எந்த இடம் தெரியுமா? அரையாண்டு லீவுக்கு நம் வீட்டுக்கு வந்தால், காலையில் பழையதைக் குடித்துவிட்டு ஓடியவன் இருட்டிய பிறகுதான் திரும்புவானே, அந்த மணல்மேடு. அதற்காக அவன் யாருக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. வருஷம் முழுக்கச் சும்மா கிடைத்த இடத்தில் ஏழு நாள் இருக்க இப்போது நாலு லட்சம் கொடுக்கிறேன் என்கிறான். அதையும் எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு சொல்கிறான். பாவம், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றவன் மேல்தான் கோபம்.

ஊருக்கு வந்து ரொம்ப நாளானவர்களுக்காகச் சொல்கிறேன். மீனவர் தெருவுக்கு வடக்கே சவுக்குத்தோப்பு முடிகிற இடத்திலிருந்து வேலி போட்டாயிற்று. பட்டா நிலங்களை ஒவ்வொன்றாக வாங்கிவிட்டார்கள். கரைக்குப் போகும் நம் ஒற்றையடிப் பாதை வேலிக்குள்ளே போய்விட்டது. கட்டடம் ஒரு செங்கல் எழும்பவில்லை. ஆனால் சென்னையில் விற்பனை தொடங்கிவிட்டது. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் எப்படி விற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு போன் வரும். "சார், உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும்" என்பார்கள். ஏன் இரண்டு பேர்? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று தப்பிக்க வழி இருக்கக் கூடாது என்பதற்காக. பெரிய ஓட்டலில் உட்காரவைத்து காபி, சமோசா கொடுத்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். "போன வருஷம் டூருக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று உங்கள் வாயாலேயே ஒரு தொகையைச் சொல்லவைப்பார்கள். பிறகு மேனேஜர் வந்து, "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்பார். நாளைக்குச் சொல்கிறேன் என்றால் முகம் மாறிவிடும். யோசிக்க நேரம் கொடுக்காமல் விற்கிற பொருள் எதுவாக இருந்தாலும், யோசித்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது விற்பவனுக்கே தெரியும் என்று அர்த்தம்.

சரி, கணக்குப் போடுவோம். கணக்கு வாத்தியார் வேறு என்ன செய்வார்?

என் தங்கை மகனுக்குச் சொன்ன தொகை 4 லட்சம். இது போக வருஷா வருஷம் பராமரிப்புச் சந்தா 15,000. அது ஏறிக்கொண்டே போகும் என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. வருஷம் 6 சதவீதம்தான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுவட்டிச் சூத்திரம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஞாபகம் இருக்கிறவர்கள் போட்டுப் பாருங்கள். 25 வருஷத்தில் சந்தா மட்டும் சுமார் 8 லட்சத்து 23 ஆயிரம். முதலில் கொடுத்த 4 லட்சத்தையும் சேர்த்தால் 12 லட்சத்து 23 ஆயிரம். வருஷம் 7 நாள் வீதம் 25 வருஷத்துக்கு 175 நாள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். சாப்பாடு தனி. கடன் வாங்கிக் கட்டினால் வட்டி தனி. ஒரு வருஷம் லீவு கிடைக்காமல் போகாவிட்டாலும் சந்தா உண்டு. பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் ரூம் கிடைக்குமா என்றால், முன்கூட்டியே பதிவு செய்தவருக்குத்தான் முன்னுரிமை. கடைசி வருஷம் சந்தா மட்டும் 60,000-ஐத் தாண்டியிருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த 4 லட்சத்தை வங்கியில் போட்டு ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் வருஷம் 26,000. முதல் வருஷச் சந்தா 15,000-ஐயும் அதில் சேர்த்தால் 41,000. ஏழு நாளைக்கு நாளொன்றுக்கு 5,800-க்கு மேல் வருகிறது. அதை வைத்துக்கொண்டு இந்த வருஷம் கொடைக்கானல், அடுத்த வருஷம் மூணாறு என்று விரும்பிய இடத்தில் தங்கலாம். 25 வருஷம் கழித்து அசல் 4 லட்சம் உங்களிடமே இருக்கும். டைம்ஷேரில் 25 வருஷம் கழித்து உங்கள் கையில் ஒரு சதுர அடி நிலம் கூட இருக்காது. அதில் நீங்கள் வாங்குவது சொத்து அல்ல, உபயோகிக்கிற உரிமை மட்டும்தான்.

விற்பவர் கணக்கையும் போடுவோம். ஒரு ரூமை வருஷத்தில் 50 வாரத்துக்கு 50 பேரிடம் விற்கலாம். சீசனுக்குத் தகுந்தபடி விலை கூடும், குறையும். சராசரி 4 லட்சம் என்றால் ஒரே ரூமுக்கு 2 கோடி. 60 ரூம் என்றால் 120 கோடி. அதில் பெரும்பங்கு கட்டடம் எழும்பும் முன்பே வந்துவிடும். அதற்குப் பிறகு சந்தாவாக வருஷம் நாலரைக் கோடி. உங்கள் பணத்தில் நம்ம ஊரை வாங்கி, அதை உங்களுக்கே வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

"சார், இதற்கெல்லாம் சட்டம் இருக்குமே" என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 1994-லேயே டைம்ஷேருக்கென்று தனி விதி போட்டார்கள். 2008-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளுக்குள் முன்பணம் என்று ஒரு பைசா வாங்கக் கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. விலகுவதற்கு எத்தனை நாள் என்பதை கம்பெனி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். விடுதி அறை நாட்கள் என்ற பெயரில் மக்களிடம் பணம் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் விஷயம் ஞாபகம் இருக்கலாம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 7,000 கோடி ரூபாய் திரட்டியிருந்த நிறுவனம். அது சுற்றுலாத் திட்டம் அல்ல, அனுமதி இல்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 2016-இல் செபி உத்தரவு போட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. உத்தரவு வந்த பிறகும் முதலீட்டாளர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். எல்லா டைம்ஷேரும் அப்படி என்று சொல்லவில்லை. பணம் போன பிறகு அலைவது நாம்தான் என்று சொல்கிறேன்.

இதுவரை சொன்னது உங்கள் பணத்தைப் பற்றி. இனி ஊரைப் பற்றி.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அரையாண்டு லீவு, அதனால் பிள்ளைகள் கரையில் இருந்தார்கள். அன்றைக்கு நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மறுபடி பள்ளி திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தவன், மூன்றாவது பெயரில் நிறுத்திவிட்டேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். அதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் மீனவர்கள் அங்கேயே இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு அரசு உதவி கிடையாது. உதவி வேண்டுமென்றால் உள்ளே தள்ளிக் கட்டித்தரும் வீட்டை வாங்கிக்கொண்டு பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். "கடல் பக்கத்தில் இருப்பது ஆபத்து" என்றார்கள். நம் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதை நம்பினார்கள். கடலே தெரியாத இடத்தில் போய்க் குடியேறினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வலையையும் இன்ஜினையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கரைக்கு வருகிறார்கள், இன்றைக்கும்.

இப்போது அதே கரையில் நீச்சல் குளத்தோடு ரிசார்ட் வருகிறது. மீனவனுக்கு ஆபத்தாக இருந்த கடல் மெம்பருக்கு மட்டும் எப்படி அழகாக மாறியது? இந்த ஒரு கேள்விக்கு யாராவது எனக்குப் பதில் சொல்லட்டும்.

விதிகள் இல்லாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-இல் வந்தது. கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்றது. 2019-இல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப் பகுதிகளில் அந்த 200-ஐ 50 ஆகக் குறைத்துவிட்டது. யாருக்காகக் குறைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் தப்படி வைத்து அளந்து பார்த்தேன். அலை ஏறி வந்து நிற்கும் மேட்டிலிருந்து வேலியின் முதல் கம்பம் வரை என் காலுக்கு 140 தப்படி. இது கால் கணக்குதான். உயர் அலைக் கோடு எங்கே என்று அரசு வரைபடம்தான் சொல்ல வேண்டும். அந்த வரைபடத்தை ஊர் முன்னால் விரித்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். ரிசார்ட்டுகளுக்கு நடுவே மக்கள் கரைக்குப் போக 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்றும் அந்த விதிகளில் எழுதியிருந்தது. நம் பாதை எங்கே போயிற்று?

அடுத்தது தண்ணீர். கடற்கரை மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். அறுபது ரூம், நீச்சல் குளம், புல்தரை, துணி வெளுக்கும் மெஷின், இத்தனைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டால் முதலில் உப்பாவது தெருக்கோடி அடிபம்புதான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1990-களில் இறால் பண்ணை வந்தபோதும் "வளர்ச்சி" என்றுதான் சொன்னார்கள். கிணறு உப்பானது, வயல் பொட்டலானது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இந்தக் கரை நெடுக நடந்து போராடினார்கள். ஜெகந்நாதன் ஐயா தொடர்ந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடலோர மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-இல் வேறொரு சட்டம் வந்து பண்ணைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. அது தனிக் கதை. ஆனால் அதே வாரத்தில், டிசம்பர் 13 அன்று, அதே நீதிமன்றம் இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு விடுதி வழக்கில் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. கடற்கரை, ஓடும் தண்ணீர், காற்று, காடு இவையெல்லாம் பொதுமக்கள் சொத்து, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மட்டுமே என்றது. அறங்காவலர் கோயில் சொத்தை விற்றால் நாம் என்ன சொல்வோமோ அதையே இதற்கும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கரை. 25 வருஷ ஒப்பந்தம் என்கிறார்களே, 25 வருஷம் அந்தக் கரை அங்கேயே இருக்குமா? பக்கத்தில் தரங்கம்பாடிக்கு உங்களை எத்தனை தடவை சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன்! மாசிலாமணிநாதர் கோயில் ஞாபகம் இருக்கிறதா? பாண்டிய மன்னன் குலசேகரன் காலத்தில், எழுநூறு வருஷத்துக்கு முன்பு கட்டியது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. வடக்கே பூம்புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலையே சொல்கிறது. இது நகர்கிற கரை. மணல்மேடும் சவுக்கும் பனையும்தான் நமக்குக் காவல். ரிசார்ட்டுக்கு முதல் வேலை அந்த மேட்டைச் சமப்படுத்துவதுதான், ரூமிலிருந்து கடல் தெரிய வேண்டுமே! பிறகு அலை நெருங்கினால் கல் கொட்டுவார்கள். நம் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓரிடத்தில் தடுத்தால் அதற்கு வடக்கே உள்ள ஊர் அரிக்கும். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு புதுச்சேரியில் மணற்கரை போய்க் கருங்கல் மிஞ்சியதைப் பார்த்தவர்கள் நாம். நம் ஊரில் கல் கொட்டினால் பக்கத்துக் குப்பம் போகும்.

விதியை மீறிக் கட்டியது தெரிந்தால் வாங்கியவர்கள் கதி என்ன? கொச்சிக்குப் பக்கத்தில் மரடு. கடலோர விதிகளை மீறிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிவியில் எல்லோரும் பார்த்தோம். அந்த வீடுகளை வாங்கியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரத்தை நம்பினார்கள், அவ்வளவுதான்.

இப்போது வேலைவாய்ப்புக்கு வருகிறேன். என்னிடம் படித்த ஒரு மீனவர் வீட்டுப் பையன் நேராகவே கேட்டான். "சார், நீங்க பென்ஷன் வாங்குறீங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க பிளஸ் டூ முடிச்சிட்டு திருப்பூருக்குப் போகுதுங்க. இங்க ஒரு வேலை வந்தா உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என் பதில் இது. ரிசார்ட்டில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலை ரூம் கூட்டுவதும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் கேட்டில் நிற்பதும்தான். அந்த வேலைகள் கேவலம் இல்லை. ஆனால் அந்தச் சில பேர் வேலைக்கு ஈடாக எத்தனை பேர் தொழில் போகிறது என்று எண்ண வேண்டாமா? கரைவலை இழுக்க நீளமான வெறுங்கரை வேண்டும். கருவாடு காயப்போட இடம் வேண்டும். படகு நிறுத்த, வலை பழுதுபார்க்க இடம் வேண்டும். கருவாட்டு நாற்றத்தை எந்த மெம்பர் பொறுத்துக்கொள்வார்? முதல் வருஷம் "கொஞ்சம் தள்ளிக் காயவையுங்கள்" என்பார்கள். மூன்றாவது வருஷம் போலீஸ் வரும். மெம்பர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர். உள்ளேயே சாப்பிட்டு உள்ளேயே நீந்திவிட்டுப் போய்விடுவார். நம் கடைத்தெருவில் அவர் ஒரு டீ குடிப்பாரா?

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தரங்கம்பாடியில் பழைய பங்களாவைப் பழுதுபார்த்து விடுதியாக்கியிருக்கிறார்கள். யாருடைய கரையும் போகவில்லை. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை! அதில் பாதி உங்கள் வீடுகள்தான். ஒரு வீட்டைத் திறந்து இரண்டு அறையைத் தங்கக் கொடுங்கள். மீனவப் பெண்கள் சமைக்கட்டும். அந்தப் பணம் ஊரிலேயே சுற்றும்.

உங்களிடம் நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று. வாங்காதீர்கள். சொந்தக்காரரோ நண்பரோ வாங்கப்போவதாகச் சொன்னால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். மெம்பர் சேராவிட்டால் ரிசார்ட் இல்லை.

இரண்டு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஒப்பந்தத்தில் விலகும் காலம் எத்தனை நாள் என்று இன்றைக்கே பாருங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நியாயமற்ற ஒப்பந்தம் என்று முறையிட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூன்று. அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் விற்காதீர்கள். விற்றே ஆக வேண்டிய கஷ்டம் என்றால் முதலில் ஊரில் சொல்லுங்கள்.

நான்கு. சட்டம் படித்தவர்கள், இன்ஜினீயர்கள், பத்திரிகையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள். அனுமதி இருக்கிறதா, எந்த வரைபடத்தின்படி என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனுப் போட்டுவிட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மாவட்டக் கடலோர மண்டல ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். அவரைப் பார்க்கப் போகும்போது என்னோடு நாலு பேர் வந்தால் நன்றாக இருக்கும். அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நாளை எண்ண வேண்டும்.

என் தங்கை மகன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கணக்கை ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள், "மாமா, அப்போ பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கே வந்துடறோம்" என்று ஒரு வரி வந்தது.

எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன். வாருங்கள். ரூமுக்கு நாலு லட்சம் வேண்டாம். திண்ணை இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. காலையில் கரைக்குப் போவோம். அந்தப் பாதை இன்னும் நம்முடையதுதான் என்று காட்டுவதற்காகவாவது, வேலி போட்ட பாதை வழியாகவே போவோம்.

கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் நோட்டில் நான் எத்தனை சிவப்பு மையைக் கொட்டியிருக்கிறேன்!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்